துடைக்காத இலை

"அம்மா செத்துப்போன பிறகு முட்டையிலேர்ந்து வெளிய வர்ற குஞ்சுக்கு, இலைல எப்படி ஒட்டிக்கணும்னு யாரு சொல்லிக்கொடுப்பா?"

எங்கள் கீழ்வீட்டுச் சிறுமி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் இப்படிக் கேட்டாள். பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு உலகமே எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. "என்ன குஞ்சு, என்ன இலை?" என்றுதான் கேட்க முடிந்தது. அந்தக் கேள்வி எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்பதை அப்புறம் அவளிடமும் அவள் சித்தியிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன். இந்தக் கதை அந்தச் சிறுமியை விட அதிகமாக அவள் அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவரைப் பற்றியது.

அவரை எல்லோரும் பளிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடற்கரைச் சாலையில் இருக்கும் மீன் காட்சியகத்தில் தொட்டி கழுவுவது அவர் வேலை. அவர் கை பட்டால் எதுவும் பளிச்சென்று ஆகிவிடும். கண்ணாடி இருக்கிறது என்பதே தெரியாமல் குழந்தைகள் மூக்கை இடித்துக்கொண்ட கதைகள் அங்கே ஏராளம். "சுத்தம் சோறு போடும்னு சும்மாவா சொன்னாங்க? எனக்கு நெஜமாவே போடுது" என்று சிரிப்பார்.

பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, தம்பிகளைக் கரையேற்றி, கல்யாண வயது தாண்டிப் பல வருஷம் கழித்து அவருக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மனைவியை இழந்தவர். ஒரே பெண் குழந்தை. ஆள் சின்னது, பேச்சு கூர்மையானது என்பதால் அவளுக்குச் சில்லு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வீட்டுக்குள் காலடி எடுத்து வைத்த முதல் வாரமே பளிச்சக்கா வாளியும் சோப்புத்தூளுமாய் இறங்கிவிட்டார். ஜன்னல் கம்பி, மின்விசிறி இறக்கை, அலமாரி இடுக்கு, சுவர் என்று ஒன்றையும் விடவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் அந்த வீட்டுக்கு அன்பைக் காட்டினார். மெக்கானிக் அசந்துபோனார். சில்லு மட்டும் ஜன்னலோரச் சுவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று பளிச்சக்கா நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து சில்லு அவரை அம்மா என்றும் கூப்பிட்டதில்லை, அக்கா என்றும் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பாள். "அப்பா வரச் சொன்னாங்க" என்பாள். மரியாதைக்குக் குறைவில்லை. தபால்காரரிடம் கூட அப்படித்தான் பேசுவாள்.

இந்த நிலையில் கோடை விடுமுறை வந்தது. செத்துப்போன அம்மாவின் அக்கா, அதாவது சில்லுவின் பெரியம்மா, வெளியூரில் இருப்பவர், ஒரு நாள் வந்து உட்கார்ந்து பேசினார். "என் வீட்ல ரெண்டு பொண்ணுங்களோட மூணாவதா இருந்துட்டுப் போகட்டுமே. லீவு முடியறப்ப வர்றேன். புள்ளை என்ன சொல்றாளோ அதான். யாரும் அவளை இழுக்கவும் வேணாம், தள்ளவும் வேணாம்."

மெக்கானிக் தலையாட்டினார். பளிச்சக்காவும் தலையாட்டினார். பெரியம்மா நல்லவர், சொன்னதும் நியாயம். ஆனால் அன்றைக்குப் பளிச்சக்கா ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்ததை மெக்கானிக் கவனித்தார். அந்தப் பெண் போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் பளிச்சக்காவின் மனதில் இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் இழுத்த மாதிரி ஆகிவிடுமே!

விடுமுறையில் வீட்டில் தனியாக விட முடியாததால் சில்லு காட்சியகத்துக்குக் கூடவே போனாள். சுறாக் குட்டி, ஆமை, வண்ண மீன் எதுவும் அவளை இழுக்கவில்லை. கூட்டமே நிற்காத மூலைத் தொட்டி ஒன்று இருந்தது. கரையோர ஆழமில்லாத கடலில் வளரும் கடற்புல்லை மணலோடு பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த தொட்டி. பச்சை நாடாவை நறுக்கி நட்டு வைத்தது போல இலைகள் ஆடும். வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "இதுல ஒண்ணும் இல்லப்பா" என்று நகர்ந்துவிடுவார்கள்.

"இருக்கு" என்றாள் சில்லு.

"எங்க இருக்கு, காட்டு" என்று பளிச்சக்கா குனிந்தார்.

"அந்த இலைக்குப் பின்னாடி. முதுகை ஒட்டிக்கிட்டுத் தொங்குது."

அது குட்டிக் கணவாய். சுண்டுவிரல் நகம் அளவுதான். கணவாய் ஜாதியிலேயே பொடியிலும் பொடி. குஞ்சு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம், வளர்ந்து முடித்த உருவமே அவ்வளவுதான். அதன் முதுகில் பசை சுரக்கும். இலையில் முதுகைப் பதித்துக்கொண்டு, இலையின் நிறத்துக்கு மாறி, கம்மென்று இருக்கும். பொடி இறால் ஏதாவது பக்கத்தில் வந்தால் பாய்ந்து பிடித்து, மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

"இத்தனை வருஷமா இந்தத் தொட்டியைக் கழுவறேன். இது இருக்குன்னு தெரியும், ஆனா ஒரு நாள்கூட நின்னு பார்த்ததில்ல" என்றார் பளிச்சக்கா.

"நீங்க கண்ணாடியைத்தானே பார்ப்பீங்க" என்றாள் சில்லு. குத்தலா, சும்மாவா என்று பளிச்சக்காவுக்குப் புரியவில்லை.

தொட்டியில் சில கணவாய்கள் இருந்தன. வயிறு பருத்த ஒன்றுக்குச் சில்லு குண்டம்மா என்று பெயர் வைத்தாள். ஒல்லியான ஒன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு மத்தியானம் அந்த ஒல்லி சட்டென்று பாய்ந்து, குண்டம்மாவின் கைகளுக்கு நடுவே எதையோ ஒட்டிவிட்டு ஓடியது. மீன்களுக்கு வைத்தியம் பார்க்க வரும் டாக்டரம்மா அன்று அங்கே இருந்தார். ஆண் கணவாய் தன் விந்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி இப்படித்தான் கொடுக்கும் என்று அவர் சொன்னார். ஒல்லி போன பிறகு குண்டம்மா வாயை நீட்டி, ஒட்டியிருந்ததில் சிலவற்றைப் பிடுங்கித் துப்பியது.

"பிடிக்கலையா அதுக்கு?" என்று சில்லு கேட்டாள்.

"எதை வெச்சுக்கணும், எதைத் துப்பணும்னு அது முடிவு பண்ணும்" என்றார் டாக்டரம்மா.

"நல்ல பொம்பளை" என்றார் பளிச்சக்கா. சில்லு களுக்கென்று சிரித்துவிட்டாள். வீட்டில் அந்தச் சிரிப்பை அவர் கேட்டதே இல்லை.

"குஞ்சு வருமா டாக்டர்?"

"இங்க எங்க வருது! புதுசு பிடிச்சு வந்து விடறோம், சில மாசம் இருந்துட்டுப் போய்ச் சேர்ந்துடுது. இதுங்க ஆயுசே அவ்வளவுதான். ஒரு முட்டைகூட நான் இந்தத் தொட்டில பார்த்ததில்ல. இடம் பிடிக்கலை போல."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பளிச்சக்கா ஆமைத் தொட்டியில் முழங்கை வரை இறங்கியிருந்த நேரத்தில், சில்லு அதைப் பார்த்தாள். குண்டம்மா ஓர் இலையைக் கைகளால் அணைத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. கொஞ்சம் விலகியபோது அந்த இடத்தில் கண்ணாடி மணி போல ஒரு பொட்டு. மறுபடி அணைத்தது. இன்னொரு பொட்டு. தையல்காரர் பித்தான் தைக்கிற நிதானத்தோடு ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துக்கொண்டே போனது. டாக்டரம்மாவே பார்க்காததைத் தான் பார்த்துவிட்டோம் என்று சில்லுவுக்கு நெஞ்சு படபடத்தது. யாரிடமும் சொல்லவில்லை. பொத்திப் பொத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

மறுநாள் திங்கள். காட்சியகத்துக்கு விடுமுறை, தொட்டிகளுக்குக் குளியல். அன்றைக்கு மெக்கானிக்குக்கும் விடுமுறை என்பதால் சில்லு வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

கடற்புல் தொட்டிக்குப் பளிச்சக்கா தனி முறை வைத்திருந்தார். இலைகளில் பாசியும் அழுக்கும் படியும். மிருதுவான பஞ்சை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, ஒவ்வொரு இலையையும் அடியிலிருந்து நுனி வரைக்கும், குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி, உருவி எடுப்பார். வேறு எந்தக் காட்சியகத்திலும் இலை துடைக்கிற ஆள் கிடையாது என்று கண்காணிப்பாளர் வருகிறவர்களிடம் பெருமை அடித்துக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை காலை சில்லு ஓடிப்போய்த் தொட்டி முன்னால் நின்றாள். இலைகள் பளிச்சென்று இருந்தன.

"இந்த இலையைத் தொட்டீங்களா?"

"நேத்துதானே எல்லாத்தையும் துடைச்சேன். ஏன், அழுக்கு இருக்கா?"

"அதுல முட்டை இருந்துச்சு."

பளிச்சக்காவின் கையில் இருந்த வாளி தரைக்கு வந்தது. நேற்று விரலில் நெருநெருவென்று எதுவோ தட்டுப்பட்டதும், நத்தை எச்சம் என்று அழுத்தித் துடைத்ததும் ஞாபகம் வந்தன. நேற்று மட்டுமா? எத்தனை திங்கள்கிழமைகள் அந்த நெருநெருப்பு விரலில் பட்டிருக்கிறது!

"எனக்குத் தெரியாதும்மா…"

"உங்களுக்கு எதுவுமே தெரியாது. எதைப் பார்த்தாலும் துடைச்சிடுவீங்க. எங்கம்மாவையும் துடைச்சிட்டீங்க!"

"என்ன சொல்றே?"

"ஜன்னல் பக்கத்துச் சுவர்ல. அம்மா அங்கதான் சாஞ்சு உட்காருவாங்க. தலை எண்ணெய் பட்டுப் பட்டுக் கறையா இருந்துச்சு. அவங்க தலை எந்த உயரத்துல இருக்கும்னு அதை வெச்சுதான் எனக்குத் தெரியும். நீங்க வந்த வாரமே சோப்புப் போட்டுத் தேய்ச்சிட்டீங்க."

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சில்லு அழவில்லை. பளிச்சக்காதான் ஈரக் கையோடு முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மெக்கானிக் வேலை முடிந்து வந்ததும் பளிச்சக்கா அவரைச் சமையலறைக்குள் இழுத்துக் கேட்டார். "அந்தச் சுவரு விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

மெக்கானிக் மென்று விழுங்கினார். "தெரியும். நான் வர்றதுக்குள்ள நீ தேய்ச்சு முடிச்சிட்டே. புதுசா வந்தவகிட்ட அதைப் போய் எப்படிச் சொல்றது?"

"ஒரு வண்டில போல்ட்டு கழண்டு கெடந்தா, டிரைவர் புதுசுன்னு சொல்லாம விட்டுடுவீங்களா?"

பளிச்சக்கா சில்லுவின் அறை வாசலுக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. "அது என்னன்னு தெரியாம பண்ணிட்டேன். தெரிஞ்சிருந்தா அந்தச் சுவரு பக்கம் போயிருக்க மாட்டேன். அதைத் திரும்பக் கொண்டு வர எனக்கு வழி தெரியலை. மன்னிச்சுக்கோ." அதற்கு மேல் நின்றால் பதிலைப் பிடுங்குகிற மாதிரி இருக்கும் என்று திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு சில்லு காட்சியகத்துக்குப் போகவில்லை. பகலில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் அம்மாவோடு இருந்தாள். பெரியம்மாவுக்குத் தொலைபேசியில், "எப்ப வர்றீங்க?" என்று கேட்டதாகவும் தெரிந்தது.

பளிச்சக்கா டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நான் என்னமோ தண்ணி சரியில்ல, வெளிச்சம் சரியில்லைன்னு காரணம் தேடிட்டிருந்தேன். சரி, மனசை விடாதீங்க. இதுங்க ஒரே தடவைல எல்லாத்தையும் போட்டு முடிக்காது. உடம்புல தெம்பு இருக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பப் போடும்."

அடுத்த திங்கள்கிழமை அவர் அந்தத் தொட்டியில் கை வைக்கவில்லை. இலைகளில் பழுப்பு ஏறியது. கண்காணிப்பாளர் வந்து பார்த்து மூக்கின் மேல் விரலை வைத்தார்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா? பாசி பிடிச்சுக் கெடக்குது!"

"கெடக்கட்டும் சார்."

"பளிச்சக்கா பேசற பேச்சா இது?"

"அந்தப் பேரை வேணா மாத்திடுங்க. இந்த இலையைத் துடைக்க மாட்டேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அதே வாரத்தில் ஒரு காலை, பழுப்பேறிய இலை ஒன்றின் அடிப்பக்கத்தில், வரிசையாகக் கண்ணாடி மணிகள் தெரிந்தன. பளிச்சக்கா கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டார். வேலைக்கு நடுவே, ஈரச் சேலையோடு வீட்டுக்கு நடந்தார். எங்கள் மாடிப்படியின் கீழே நின்று மேலே பார்த்துச் சொன்னார்:

"முட்டை போட்டிருக்கு. நான் தொடலை."

அவ்வளவுதான் சொன்னார், வா என்று கூப்பிடவில்லை. சில்லு எழுந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

அதன் பிறகு இரண்டு பேரும் அந்தத் தொட்டியே கதி என்று கிடந்தார்கள். பொரியும் குஞ்சுகள் உள்ளே போய்விடாதபடி, நீர் இழுக்கும் குழாயின் வாயில் மெல்லிய துணியைக் கட்டினார்கள். முட்டைக்குள் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தன. "கண்ணு!" என்று சில்லு பளிச்சக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது அவளுக்குத் தெரியவில்லை. பளிச்சக்கா அந்தக் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டார், மூக்கு அரித்தபோதும்.

இலைகளில் இன்னும் சில வரிசைகள் சேர்ந்தன. குண்டம்மாவின் வயிறு ஒட்டிப்போனது. நிறம் மங்கியது. ஒரு காலை மணலில் வெளுத்துக் கிடந்தது. முட்டைகள் இன்னும் பொரியவில்லை.

அன்றைக்கு மாலைதான் சில்லு மாடிப்படியில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் திருதிருவென்று விழித்ததும், கீழே போய்ப் பளிச்சக்காவிடம் கேட்டாள். அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"எனக்கும் தெரியலை. ஆனா அதுங்கம்மா முட்டையை எங்க வெச்சுதுன்னு பாரு. இலைலதானே வெச்சுது? சொல்லிக்கொடுக்க இருக்க மாட்டோம்னு தெரிஞ்ச மாதிரி, ஒட்டிக்க இலை இருக்கற எடமாப் பார்த்து வெச்சிட்டுப் போயிருக்கு."

அன்றிரவு சில்லு அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

டாக்டரம்மா ஒரு சிக்கலைச் சொன்னார். பொரிந்தவுடன் குஞ்சுகள் இலையில் ஒட்டாது. கொஞ்ச காலம் கடலின் மேல்நீரில் மிதந்து திரியும். கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பிடித்துத் தின்று, ஓரளவு வளர்ந்த பிறகுதான் புல்லைத் தேடிவரும். அந்தத் தீனியை இந்தத் தொட்டியில் கொடுக்க முடியாது. வைத்திருந்தால் சில நாளில் செத்துவிடும். பொரிகிற நேரத்தில் இலைகளைக் கடலுக்கே கொண்டுபோய்விடுவது நல்லது.

சில்லு பளிச்சக்கா பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

அவள் அவரிடம் கருத்து கேட்பது அதுதான் முதல் முறை. பளிச்சக்கா தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்குன்னு கேட்டா, இங்கயே கண்ணு முன்னாடி வெச்சுக்கணும்னுதான் இருக்கு. அதுங்களுக்குன்னு கேட்டா, எங்க பொழைக்குமோ அங்க போகட்டும். என் ஆசைக்காக ஒண்ணைப் பிடிச்சு வெச்சுக்கக் கூடாதில்லையா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் யாரைப் பற்றிப் பேசினோம் என்று அவருக்கே உறைத்தது. சில்லு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

காட்சியகத்துக்குக் கடற்புல் பெயர்த்துவரும் படகுக்காரர் ஒரு காலை அவர்களை ஏற்றிக்கொண்டார். வாளியில் முட்டையிட்ட இலைகள். போகும் வழியிலேயே சில பொரிந்துவிட்டன. எள்ளில் பாதி இருக்கும். பெரிய கண், உடம்பு முழுக்கப் புள்ளி. தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு வெடுக் வெடுக்கென்று பாய்ந்தன.

"பாருங்க பாருங்க, பொறந்த உடனே என்ன திமிரு!" என்றாள் சில்லு.

"உன்னை மாதிரிதான்" என்றார் படகுக்காரர்.

ஆழமில்லாத இடத்தில், கீழே புல்வெளி அசைவது தெரிய, பளிச்சக்காவும் சில்லுவும் வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெல்லச் சாய்த்தார்கள். ஒரு கணம் தண்ணீரில் புள்ளிகள் தெரிந்தன, பிறகு கடல் மட்டும் இருந்தது. எத்தனை பிழைக்கும், எது திரும்பிப் புல்லுக்கு வரும் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. இருந்தாலும் இரண்டு பேரும் வெகுநேரம் குனிந்தே இருந்தார்கள்.

விடுமுறையின் கடைசி வாரம் பெரியம்மா வந்தார். பளிச்சக்கா சில்லுவின் துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தார். போவதென்றால் கசங்காமல் போகட்டும் என்று. மெக்கானிக் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுடா கண்ணு, வர்றியா?" என்று பெரியம்மா கேட்டார்.

"வர முடியாது பெரியம்மா."

"ஏன்டா?"

"தொட்டில இன்னும் ரெண்டு கணவாய் வயிறு பெருத்துக்கிட்டு இருக்கு. திங்கக்கிழமை நான் இந்த ஊர்ல இல்லைன்னா இவங்க கை சும்மா இருக்காது. பஞ்சை எடுத்துடுவாங்க. இவங்களை நான்தான் பார்த்துக்கணும்."

"எடுக்க மாட்டேன்" என்றார் பளிச்சக்கா, குரல் உடைந்து.

"எடுப்பீங்க. எனக்குத் தெரியும் உங்களை."

பெரியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கியது. உடனே சிரிப்பும் வந்துவிட்டது. "சரி, பார்த்துக்கோ. பெரிய பொறுப்புதான்" என்று சில்லுவின் தலையைக் கோதிவிட்டு, பளிச்சக்காவின் கையைப் பிடித்து அழுத்தினார்.

மடித்து வைத்த துணிகளைச் சில்லுவே எடுத்துப்போய் அலமாரியில் தாறுமாறாகத் திணித்தாள். பளிச்சக்காவின் கை தன்னால் நீண்டது. பாதியில் நிறுத்தி, இடுப்பில் வைத்துக்கொண்டார்.

கரையில் ஒதுங்கும் கடற்புல்லைக் குப்பை என்று காலால் தள்ளுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். நானும் தள்ளியவன்தான். உங்களுக்குத் தெரிந்தவர்களில் கடற்கரைக்குப் போகிறவர் யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள். புது வீட்டுக்குப் போய் முதல் நாளே வாளியைத் தூக்குகிறவர் யாராவது இருந்தால் அவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கேட்டவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.